அக்கா தொலைத்த பத்திரம்

ரைட்டர் டீ குடிக்கப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று வாசலில் நின்ற பெண் போலீஸ் சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஸ்டேஷனில் எழுத்து வேலை முழுக்க அந்த ஒரு ஏட்டையாவின் கையில்தான், அவர் மனுவை வாங்கிப் பார்த்தால்தான் எதுவும் நகரும். ஒரு மனுஷன் முக்கால் மணி நேரமாகவா டீ குடிப்பான், அண்டாவில் போட்டுக் கொடுத்தாலும் இந்நேரம் தீர்ந்திருக்குமே என்று ஆவுடைநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. அடுத்த நிமிஷமே, வராமல் போனால்தான் என்ன, நிதானமாகக் குடிக்கட்டும், கூட நாலு வடையும் தின்னட்டும், இன்றைக்கு முழுக்க அங்கேயே கிடக்கட்டும் என்று தோன்றியது. வெளியே தென்காசியின் ஆனிச் சாரல், பெய்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஆளை நனைத்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் அக்கா உலகம்மாள். கல்யாண வீட்டுக்கு மட்டும் கட்டுகிற அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, மனுவை மடியில் வைத்து, ஈரம் படாமல் அதன்மேல் கையை விரித்து மூடியிருந்தாள். அறுபத்தெட்டு வயசில் முதல் தடவையாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறவள் நல்ல சேலை கட்டித்தானே வருவாள், பார்க்கிறவர்கள் குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாதே. குற்றவாளியோ அவளை ஒட்டியே, வெள்ளைச் சட்டையும் பையில் ரெண்டு பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

மனுவில் இருப்பது அவருக்கு வரி வரியாக மனப்பாடம். 'எங்கள் தகப்பனார் பெயரில் உள்ள மேற்படி வீட்டின் கிரயப் பத்திர அசலை நகல் எடுப்பதற்காக நான் கொண்டு சென்றபோது வழியில் தவறவிட்டுவிட்டேன்.' தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடிக்கிறவர் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்திரம் காணோமா என்றார், விரல் தன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. ஊரில் தொலைகிற பத்திரம் எல்லாம் நகல் எடுக்கப் போகிற வழியில்தான் தொலைகிறது, கரையான் தின்றதும், மருமகள் ஒளித்துவைத்ததும், குடிகாரன் கிழித்துப் போட்டதும் எல்லாமே டைப் மெஷினுக்குள் போனால் நகல் எடுக்கப் போன வழிதான். போன ஐப்பசி மழையில் வீட்டின் முன்சுவர் உட்கார்ந்துவிட்டது. சுவரை எடுத்துக் கட்ட நகராட்சியில் வீடு யார் பேரில் என்று கேட்டார்கள், பேர் மாற்றத் தாலுகா ஆபீஸுக்குப் போனால் அசல் எங்கே என்றார்கள், பதிவு ஆபீஸில் நகல் வாங்கிக் கொடுத்தால் நகல் இருக்கட்டும், அசல் தொலைந்ததற்குப் போலீஸ் சான்று கொண்டு வாருங்கள், பேப்பரில் விளம்பரம் போடுங்கள் என்றார்கள். வீடு எங்கேயும் போய்விடவில்லை. பத்திரம் யாரால் தொலைந்தது என்பதுதான் பாக்கி, அதை எழுதிக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். யார் பேரைப் போட என்று டைப்காரர் தலையைத் தூக்கியபோது ஆவுடைநாயகம் வாயைத் திறந்தார், திறந்தது நிஜம், அதற்குள் அக்கா, "நாந்தானய்யா தொலைச்சேன், எம்பேரப் போடுங்க, உலகம்மாள்னு போடுங்க" என்று சொல்லிவிட்டாள். திறந்த வாயை அவர் கொட்டாவி விட்டு மூடிக்கொண்டார். எளவு, கொட்டாவி. பள்ளிக்கூட ஆபீஸில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டினவருக்கு அந்த இடத்தில் வந்தது கொட்டாவி. வருகிற வாரம் பேப்பரில், காணவில்லை விளம்பரங்களுக்கு நடுவில், உலகம்மாள் ஆகிய நான் தொலைத்துவிட்டேன் என்று வரும், அம்மன் சன்னதித் தெருவே டீக்கடையில் அதைப் படிக்கும்.

சொல்லியிருக்கலாம். பதினோரு வருஷத்தில் எத்தனை நாள், ஒரு நாள் சொல்லியிருக்கலாம். விஷயம் அப்படி என்ன பெரிய விஷயம், கொலையா, கொள்ளையா, ஒரு லேமினேஷன். அப்போது அவருக்கு அந்தக் கிறுக்குப் பிடித்திருந்தது. ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட்டு, சாதிச் சான்றிதழ், அப்பாவின் சாவுச் சர்டிபிகேட்டு, கையில் கிடைத்த காகிதத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு, விரலால் தட்டிப் பார்த்து, இனிமேல் நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று சொல்லுவார். வீட்டுப் பத்திரம் மட்டும்தான் பாக்கி. அம்மாவும், புருஷன் போனபிறகு அம்மாவோடு வந்துவிட்ட அக்காவும் இருந்த தென்காசி வீட்டில், பீரோ லாக்கரில், அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே கவருக்குள் அது கிடந்தது, அந்த அளவுக்கு வேறு கவர் கிடைக்காததால். மடித்த இடமெல்லாம் நைந்து, ஒரு தும்மல் தும்மினால் மூணாகப் போய்விடும் போல. "அது பாட்டுக்குக் கிடக்கட்டும், நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று அக்கா ரெண்டு தடவை சொன்னாள். படிக்காதவள் சொல்லிப் படித்தவன் கேட்பதா. அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போன சாவியால் பீரோவைத் திறந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தான் குடியிருந்த திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார், பொங்கலுக்குப் பளபளவென்று கொண்டுவந்து அம்மா கையில் கொடுக்க வேண்டும், அம்மா இவளைப் பார்த்து, பாத்தியா உன் தம்பிய என்று சொல்ல வேண்டும். அதுதான் ஆசை, அதற்குத்தான் இத்தனையும். நைந்த மடிப்பில் அப்பா என்றைக்கோ டேப் ஒட்டியிருந்ததை அவர் லேமினேஷன் கடைக்காரரிடம் சொல்லவில்லை. சூட்டில் டேப்பு உருகி, தாள் உருளையில் சுற்றி, ஒரு நாற்றம் வந்தது பாருங்கள், தலைமுடி கருகுகிற நாற்றம், இன்றைக்கும் இஸ்திரிக் கடையைத் தாண்டும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். மெஷினைக் கழற்றி எடுத்தபோது ஊதா முத்திரை இழுபட்டு, நாலு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி, அப்பாவின் கையெழுத்து இருந்த இடத்தில் காப்பி நிறத்தில் ஒரு கொப்புளம். "டேப்பு இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா சார்" என்றார் கடைக்காரர். அவர் அன்றைக்குச் சொன்னதைத்தான் ஆவுடைநாயகம் பதினோரு வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த வாரம் சொல்லலாம், பொங்கல் கழியட்டும், பங்குனி உத்திரத்துக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கொப்புளத்தை ஆபீஸ் அலமாரியில் பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் வைத்திருந்தார். புதுத் தலைமையாசிரியர் அலமாரியைச் சுத்தம் செய்யச் சொன்ன வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் கத்தரியால் அதைத் துண்டு துண்டாக நறுக்கினார். பிளாஸ்டிக் லேசில் வெட்டுப்படவில்லை, பெருவிரலில் காய்ப்புக் காய்த்தது, நறுக்கி முடிக்க நாலு நாள் ஆனது. கடைசிப் பக்கத்தில் கருகாமல் மிஞ்சியிருந்த ச. வேலாயுதம் என்ற இன்னொரு கையெழுத்தில் வேலா வரைக்கும் ஒரு துண்டில், மீதி இன்னொரு துண்டில் போயிற்று. பெற்ற தகப்பனை நறுக்கி ஸ்டாப் ரூம் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ரெண்டு மணி பெல்லுக்குக் கையைக் கழுவிக்கொண்டு சம்பளப் பட்டியல் எழுத உட்கார்ந்தார். இனிமேல் சொல்வதற்குக் கையில் காட்ட ஒன்றும் இல்லை, சொல்ல வேண்டியதும் இல்லை என்று அன்றைக்கு ஒரு மாதிரி சமாதானமாகக்கூட இருந்தது.

அப்புறம் ரெண்டு வருஷம் கழித்து அம்மா எதற்கோ பத்திரத்தை எடு என்றாள். கவருக்குள் எக்ஸ்ரே மட்டும் இருந்தது. பீரோச் சாவி அக்காவிடம், வீட்டில் இருந்தது அக்கா, தொலைத்தது அக்கா. அதில் யாருக்குச் சந்தேகம் வரும், அம்மாவுக்கு வரவில்லை, அக்காவுக்கே வரவில்லை. "ஒரு வீட்ட வாயில போட்டுட்டு நிக்கியே மூதி, ஆவுடை கையில இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா" என்று அம்மா அவர் எதிரிலேயே கேட்டாள். அவர் என்ன சொன்னார், "விடும்மா, அவளும் வேணும்னா செஞ்சா" என்றார். வேணும்னா செஞ்சா. அந்த ரெண்டு வார்த்தையை நினைத்தால் இப்போதும் காதுமடல் சூடாகிறது, நாக்கு எப்படி அப்படிக் கூசாமல் புரண்டது. அன்றைக்கே அம்மா சாவிக்கொத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப்பிறகு ஒன்பது வருஷம், மாற்றுச் சேலை எடுக்க வேண்டுமென்றாலும் அக்கா போய், "யம்மா, சாவி" என்று நிற்க வேண்டும். அம்மா உடனே தர மாட்டாள், என்னத்துக்கு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் தருவாள், எடுத்து முடிக்கும்வரை கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள். கடைசியில் படுக்கையோடு படுக்கையாக, மலம் மூத்திரம் எல்லாம் அக்கா அள்ளிக்கொண்டிருந்த நாளிலும் சாவி அம்மாவின் இடுப்பில்தான் இருந்தது. போன மாசியில் அம்மா போனபோது, குளிப்பாட்ட வந்த பெண்கள்தான் அதை அவிழ்த்து எடுத்தார்கள். அக்கா பத்திரம் கிடைக்கிற வரைக்கும் காப்பி குடிப்பதில்லை என்று உலகம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், காப்பி என்றால் உயிரை விடுகிறவள். அவர் போகும்போதெல்லாம் அவருக்கு மட்டும் டிகாஷன் இறக்கி, நுரை வர ஆற்றி, டம்ளரை நீட்டிவிட்டு வெந்நீரோடு எதிரில் உட்காருவாள். "மணமா இருக்கால?" என்று கேட்பாள். நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் குடித்திருக்கிறார், ஒரு தடவை இல்லை, ஒன்பது வருஷம். மனுஷனா இவன்.

"ஆவுடை" என்றாள் அக்கா. "ஏட்டையா வைவாரோ?"

"என்னத்துக்கு வைவாரு?"

"இத்தன வருசம் என்னம்மா செஞ்சேன்னு கேப்பாருல்லா."

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க. பேசாம இரி."

"கேட்டா நா உள்ளத சொல்லிருவேன், கேட்டியா. போலீஸ்கிட்ட பொய் சொல்லப்புடாது."

பொய் சொல்லப்புடாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிர்ச் சுவரில் காணாமல் போன ஆட்களின் படங்கள், ஒரு பைக்கின் நம்பர், பெண்கள் உதவி எண். இப்போது சொல்லிவிட்டால் என்ன, இங்கேயே, ரைட்டர் வருவதற்குள். எக்கா, பத்திரத்த நாந்தான் எடுத்தேன். அவ்வளவுதான், நாலு வார்த்தை. மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், நாலும் ஒழுங்காக வந்தன, வாயைத் திறக்கப் போகும்போது அக்காவின் முகம் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்து மறித்தது. கோபப்பட்டால் பரவாயில்லை, செருப்பைக் கழற்றினால் நிம்மதி, ஆனால் அக்கா அதெல்லாம் செய்ய மாட்டாள். அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கப்புடாதாய்யா என்று மட்டும் கேட்பாள். போலீஸுக்கெல்லாம் அவர் பயப்படவில்லை, பொய் மனு கொடுத்ததற்கு ஏதாவது செக்ஷன் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே வைத்தால்கூட வேளைக்குச் சோறு போடுவார்கள். அந்த ஒரு கேள்விதான் பயம். அப்படியானால் கையெழுத்துப் போடட்டும் என்று விட்டுவிடலாமா, இன்றோடு முடிந்துவிடும், சுவர் எழும்பும், அக்காவும் ஒன்பது வருஷமாகப் பழகியவள்தானே, இன்னும் ஒரு விளம்பரம் என்ன செய்துவிடும் அவளை. இப்படி நினைத்தது தன் மூளைதான் என்று தெரிந்ததும் தன் தலையில் தானே ஒரு குட்டுக் குட்டிக்கொண்டார். சவம், எத்தனை வயசானால்தான் இது திருந்தும்.

ரைட்டர் வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்து, நனைந்த தலையைத் துவாலையால் துடைத்துக்கொண்டே, பத்திரமா, வாங்க என்றார். அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு போய் நின்றாள். அவர் மனுவை ஒரே ஓட்டமாகப் பார்த்தார், அதே வாசகத்தை வாரத்துக்கு நாலு தரம் பார்க்கிறவர்.

"உலகம்மாங்கிறது நீங்களா? நகல் எடுக்கப் போம்போது தவறிட்டு, அப்படித்தான?"

"இல்லைங்கய்யா" என்றாள் அக்கா. "அது டைப்காரரு அவராவே அடிச்சது. நா உள்ளத சொல்லிருதேன். பழைய பேப்பர்காரர் வந்த அன்னைக்கு லாக்கரத் துடைக்கணும்னு எல்லாத்தையும் வெளிய எடுத்து வச்சேன். எக்ஸ்ரே கவரு கைதவறி விழுந்துட்டு. எக்ஸ்ரேயத்தான் பொறுக்கி உள்ள வச்சேன், பத்திரம் பேப்பர் கட்டோட போயிட்டு. அவரு தராசுல வைக்கையில ஊதா முத்திரை எங்கண்ணுல பட்டுது. என்னமோன்னு விட்டுட்டேன் பாருங்க, அதான் எம்மனசுல அப்படியே நிக்கி."

ஆவுடைநாயகம் பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டார். இதை அவள் ஒரு நாளும் அவரிடம் சொன்னதில்லை. நடக்காத ஒன்றை, தராசு முதற்கொண்டு, முத்திரையின் நிறம் முதற்கொண்டு, பார்த்தேன் என்கிறாள், பொய் சொல்லத் தெரியாதவள் சத்தியமாக அதைப் பார்த்திருக்கிறாள். தொலைத்தவள் தொலைத்தவள் என்று சொல்லக் கேட்டுக் கேட்டு, எப்படித் தொலைத்தோம் என்று ஒன்பது வருஷம் படுத்துக் கிடந்து யோசித்து, பாவி மகள் தானே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அவர் எப்படி எழுந்தார், எப்படி மேஜை வரை நடந்தார் என்று தெரியாது.

"ஐயா, அது இல்ல. அக்கா தொலைக்கல. பத்திரத்த நாந்தான் எடுத்தேன்."

ரைட்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"தம்பி. ஆவுடைநாயகம். லேமினேஷன் பண்ணக் கொண்டு போனேன், மெஷின்ல மாட்டிக் கருகிப்போச்சு. பயந்துகிட்டு சொல்லல. வெட்டிக் குப்பையில போட்டுட்டேன்."

"கருகினது இருக்கா?"

"இல்ல."

"எந்தக் கடை?"

"திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம். இப்ப அந்தக் கடை இல்ல, பாலம் கட்ட இடிச்சிட்டாங்க."

"ரசீது, கிசீது?"

"இல்லைங்க."

ரைட்டர் அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சார், வீட்லயே பேசி முடிச்சிட்டு வரப்புடாதா? தெனமும் பாக்கேன் இத. பேப்பர்ல பேரு வரும்னதும், பொண்டாட்டிக்காகப் புருசன், அப்பனுக்காக மகன், நாந்தான் நாந்தான்னு வந்து நிப்பீங்க. நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல."

"ஐயா, அவன் சும்மா சொல்லுதான், நம்பாதீங்க" என்றாள் அக்கா. "எம்பேரு பேப்பர்ல வந்து நாலு பேரு சிரிக்கப்புடாதுன்னு சொல்லுதான். அன்னைக்கு அவன் தேடின தேட்டம் எனக்குல்லா தெரியும். மச்சுல ஏறி, பானை சட்டி எல்லாத்தையும் எறக்கி, ஒட்டடையும் தூசியுமா எறங்கி வந்து ரெண்டு நாளு இருமினான். நாந்தான் பனங்கற்கண்டு போட்டு வெந்நி வச்சிக் குடுத்தேன். எடுத்தவன் அப்படித் தேடுவானா, நீங்களே சொல்லுங்க."

ரைட்டர் சொல்லுங்க என்பது போல அவரைப் பார்த்தார். ஆவுடைநாயகம் தேடியது நிஜம். தேடினார், இல்லை என்று தெரிந்த இடமெல்லாம் ஏறி இறங்கித் தேடினார். அவர் ஆயுசில் அவ்வளவு சிரத்தையாக வேறெதையும் செய்ததில்லை.

"நெசமாத்தான்க்கா" என்றார்.

"சரி, இப்ப யாரு பேருல போட? ரெண்டு பேருமே வாரிசு, யாரு குடுத்தாலும் சரிதான்" என்றார் ரைட்டர்.

"எம்பேருல" என்றார் ஆவுடைநாயகம்.

"அப்ப கையால எழுதுங்க. லேமினேஷன், கருகல் எல்லாம் எழுதிராதீங்க, மேல ஒத்துக்கிட மாட்டாங்க. நகல் எடுக்கக் கொண்டுபோன வழியில தவறிட்டுன்னே எழுதுங்க."

எழுதினார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் புகழ்ந்த அந்த முத்துமுத்தான கையெழுத்தில், ஆவுடைநாயகம் ஆகிய நான் என்று தொடங்கி, வழியில் தவறவிட்டுவிட்டேன் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். ரைட்டர் சீல் வைத்து, அடுத்த வாரம் வாங்க என்று ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "நல்ல தம்பிம்மா" என்று அக்காவிடம் சொன்னார்.

ஸ்டேஷன் படி இறங்கும்போது அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படி வழுக்கும் என்பதற்காக இல்லை. "அம்மா இதப் பாக்காமப் போயிட்டாளே ஆவுடை. எங்கூடப்பொறந்தது எனக்காக என்ன செஞ்சிட்டுன்னு அவ பாத்திருக்கணும். செத்தாலும் மறக்க மாட்டேன்யா. தெருவுல ஒருத்தர் விடாம சொல்லப் போறேன்" என்றாள். அவர் சாரலில் நின்றுவிட்டார். அவள் தோளைப் பிடித்து, "எக்கா, எம்மூஞ்சியப் பாரு. சத்தியமா நாந்தான். நீ பாத்த தராசும் கிடையாது, முத்திரையும் கிடையாது. நாந்தான்க்கா எடுத்தேன்" என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மா அவளை மூதி என்ற நாளிலிருந்து அவர் பார்த்திராத ஒரு சிரிப்பு அவளுக்கு வந்தது, வாய் நிறைய, பல் தெரிய.

"சரிடா, நீதான். போதுமா?" என்றாள்.

அந்த நிமிஷத்தில் ஆவுடைநாயகத்துக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கிக் காற்று வந்தது. ஆக, சொல்லியாயிற்று, சொன்னதற்கு ஒரு தண்டனையும் இல்லை, இனி கேட்கவும் ஆளில்லை. அம்மா இருக்கும்போது சொல்லியிருக்கப்புடாதா என்ற அந்தக் கேள்வி இனி எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று நினைத்தவர், அப்படி நினைத்ததற்காகவே நடுரோட்டில் அழ ஆரம்பித்தார். "கூறு கெட்டவனே, போலீஸ் ஒண்ணும் செய்ய மாட்டாங்கல" என்று சொல்லி, அக்கா தன் நல்ல சேலையின் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.